ஜூஸ் பிழிந்த சக்கையை வீணாக்காமல் பயன்படுத்துவது எப்படி? சென்னைச் சமையலறைக்கு ஒரு வழிகாட்டி

அரைக் கிலோ கேரட்டைப் பிழிந்தால் ஒரு பெரிய டம்ளர் ஜூஸ் கிடைக்கும். ஏறக்குறைய பாதி எடை சக்கையாகத் தங்கிவிடும். காசு கொடுத்து வாங்கி, மண் போகக் கழுவி, தோல் சீவி, நறுக்கிப் போட்ட காயில் பாதி அது. புதிதாக ஜூஸர் வாங்கிய வீடுகளில் முதல் வாரம் யாருக்கும் இது தெரிவதில்லை. இரண்டாவது வாரம் குப்பைக்கூடை கனக்க ஆரம்பித்ததும், "இதை ஏதாவது செய்யக்கூடாதா?" என்ற கேள்வி வரும். தாராளமாகச் செய்யலாம். அதற்குப் புது மாதிரி பேக்கிங் எதுவும் கற்றுக்கொள்ள வேண்டாம். அடை, உசிலி, துவையல், அல்வா என்று நம் வீட்டுச் சமையலிலேயே சக்கைக்கு இடம் இருக்கிறது.

முதலில் சக்கையில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துவிடலாம். தண்ணீர், சர்க்கரை, வைட்டமின் சி, பொட்டாசியம் போன்ற நீரில் கரைபவை பெரும்பாலும் ஜூஸோடு போய்விடும். நார்ச்சத்து முக்கால்வாசிக்கு மேல் சக்கையிலேயே நிற்கும். கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டின் கொழுப்பில்தான் கரையும், அதனால் அதிலும் கணிசமான பங்கு சக்கையில் தங்கிவிடும். எண்ணெயோ நெய்யோ தேங்காயோ சேர்த்துச் சமைத்தால் உடம்பு அதை நன்றாக எடுத்துக்கொள்ளும்.

ஆக, சக்கை என்பது ஈரமும் இனிப்பும் ருசியும் குறைந்துபோன துருவிய காய். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. போன ஈரத்தைப் பருப்பு, பால், மோர் எதிலாவது திருப்பிக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் கொழுப்பு சேர்க்க வேண்டும். உப்பு, காரம், புளிப்பைச் சற்றுத் தூக்கலாக வைக்க வேண்டும். இந்த மூன்றையும் கவனிக்காமல் வெறுமனே தாளித்துப் பொரியல் செய்தால் மரத்தூள் மாதிரிதான் இருக்கும், வீட்டில் மறுமுறை யாரும் தொடமாட்டார்கள்.

பிழிவதற்கு முன்பே செய்ய வேண்டியவை

சக்கையைச் சாப்பிடுவது என்று முடிவெடுத்தால் காய் கழுவும்போதே வேலை தொடங்கிவிடுகிறது. தோலோடு போடும் காயில் ஒட்டிய மண்ணெல்லாம் சக்கையில்தான் சேரும். ஓடும் தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். கேரட், பீட்ரூட்டின் காம்புப் பக்கத்தை அரை விரற்கடை வெட்டி எறியுங்கள், மண் ஒளிந்திருக்கும் இடம் அதுதான். நெல்லிக்காய், எலுமிச்சை, ஆரஞ்சில் கொட்டைகளை எடுத்துவிட வேண்டும். ஆரஞ்சின் வெள்ளைத் தோல் கசக்கும், அது விழுந்தால் சக்கை முழுக்கக் கசப்பேறிவிடும்.

வாழைத்தண்டு ஜூஸ் குடிப்பவர்கள் சென்னையில் நிறையப் பேர். தண்டை அப்படியே உள்ளே தள்ளாமல், பொரியலுக்கு நறுக்குகிற மாதிரி வட்டமாக வெட்டி, ஒவ்வொரு வில்லைக்கும் இடையே இழுபடும் நாரை விரலில் சுற்றி எடுத்துவிடுங்கள். ஜூஸரும் சிக்காது, சக்கையையும் பருப்போடு கூட்டாக வைக்கலாம். நார் எடுக்காத தண்டின் சக்கை உரத்துக்குத்தான் போகும்.

அடுத்தது வரிசை. எல்லாக் காய்களையும் கலந்து போட்டால் கலவைச் சக்கைதான் வரும். இஞ்சியும் ஆப்பிளும் பீட்ரூட்டும் சேர்ந்த சக்கையை எந்தக் குழம்பில் சேர்ப்பது? அதனால் கேரட்டையோ பூசணியையோ முதலில் பிழிந்து, சக்கையை ஒரு டப்பாவில் தட்டிவிட்டு, அப்புறம் இஞ்சி, புதினா, பழங்களைப் போடுங்கள். கூடுதலாக ஒரே ஒரு நிமிடம்தான் ஆகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சுரைக்காய், வெள்ளரி, பீர்க்கங்காய் மூன்றையும் பிழிவதற்கு முன் ஒரு சின்னத் துண்டைக் கடித்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிட்டு, காய் முழுவதையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருளால் வருவது. கசக்கும் சுரைக்காய் ஜூஸ் குடித்தவர்களுக்குக் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த வாந்தி வரை போயிருக்கிறது, உயிரிழப்பும் நடந்திருக்கிறது. சமைத்தாலும் அந்த நச்சு போகாது. ஆகவே ஜூஸும் வேண்டாம், சக்கையும் வேண்டாம்.

எவ்வளவு நேரம் தாங்கும்?

சென்னையில் இதுதான் பெரிய சிக்கல். காலை 6 மணிக்கு ஜூஸ் பிழிந்து, சக்கையை ஜூஸர் டப்பாவிலேயே விட்டுவிட்டு ஆபீஸ் போனால், சாயங்காலம் திறக்கும்போது புளித்த வாடை அடிக்கும். காயைப் பொடியாக அரைத்தபின் கிருமி வளர இடம் அதிகம். நம் ஊர் வெப்பமும் ஈரக்காற்றும் அதற்கு ஒத்தாசை செய்கின்றன. சமைக்காத, நறுக்கிய உணவு அறை வெப்பத்தில் 2 மணி நேரம் வரை இருக்கலாம் என்பார்கள். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அது 1 மணி நேரமாகக் குறைந்துவிடும். சென்னையில் பாதி வருடம் 32-க்கு மேல்தான். எனவே 1 மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே சமைக்க முடியாவிட்டால் மூடி இறுகிய டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் உள்பக்கம், பின்சுவரை ஒட்டி வையுங்கள். கதவுத் தட்டில் குளிர்ச்சி போதாது. 2 நாளுக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர். இட்லித் தட்டின் குழிகளில் சக்கையை அழுத்தி வைத்து உறைய வைத்து, உறைந்ததும் தட்டித் தனித்தனியாக எடுத்து ஒரு பையில் போட்டுவிட்டால், வேண்டும்போது இரண்டு, மூன்று என்று எண்ணி எடுக்கலாம். 2 மாதம் வரை ருசி கெடாது. கரண்ட் போய் முழுதாக இளகிவிட்டதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள்

எந்தச் சக்கை எந்தப் பதார்த்தத்துக்கு என்பதைக் கையே சொல்லிவிடும். ஒரு பிடி எடுத்து மூடி அழுத்துங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் அது ஈரச் சக்கை. வேகமாகச் சுழலும் சாதாரண ஜூஸரிலும், மிக்ஸியில் அடித்துத் துணியில் வடிகட்டும்போதும் இப்படித்தான் வரும். இது துவையல், கூட்டு, குழம்பு, அடை மாவுக்குச் சரி. கை திறந்ததும் உருண்டையாக நின்று, தொட்டால் உதிர்ந்தால் அது உலர் சக்கை. மெதுவாக நசுக்கிப் பிழியும் கோல்ட் பிரஸ் ஜூஸரில் வருவது. உசிலி, கோலா உருண்டை, சப்பாத்தி, அல்வாவுக்கு இதைவிடத் தோதான பதம் கிடையாது. ஈரச் சக்கைதான் இருக்கிறது, உசிலிதான் வேண்டும் என்றால் வெள்ளைத்துணியில் கட்டி இன்னொரு முறை பிழிந்துகொள்ளுங்கள்.

புதியவர்கள் தொடங்க வேண்டியது: கேரட் சக்கைப் பருப்பு உசிலி

ஒரே ஒரு பதார்த்தம்தான் சொல்லலாம் என்றால் நான் உசிலியைத்தான் சொல்வேன். கொத்தவரங்காயோ பீன்ஸோ போட்டுச் செய்யும் உசிலியில் காய் தனியாக, பருப்பு தனியாக நிற்கும். சக்கையோ பருப்போடு பருப்பாக ஒன்றிவிடும். பருப்பின் ஈரம் அதற்குக் கிடைக்கும். சக்கை போடுவதால் உசிலி வழக்கத்தைவிட லேசாகவும் இருக்கும்.

துவரம்பருப்பு அரை கப், கடலைப்பருப்பு அரை கப். இரண்டையும் 1 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்துவிடுங்கள். காய்ந்த மிளகாய் நான்கு, பெருங்காயம், உப்பு சேர்த்துத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரையுங்கள். மிக்ஸியை ஒரேயடியாக ஓடவிடாமல் விட்டு விட்டுச் சுற்றினால் பதம் சரியாக வரும். இதில் 1 கப் கேரட் சக்கையைக் கையால் பிசிறிக் கலக்குங்கள். இட்லித் தட்டில் எண்ணெய் தடவி, கலவையை அழுத்தாமல் வைத்து 12 நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். கத்தி நுனியால் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

இங்கே அவசரப்படக்கூடாது. வெந்ததை முழுதாக ஆறவிட வேண்டும். சூட்டோடு உதிர்த்தால் களிபோல் ஒட்டிக்கொள்ளும். ஆறியபின் விரல் நுனியால் தேய்த்தால் ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பொலபொலவென்று உதிரும். வாணலியில் 3 டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, உதிர்த்ததைப் போட்டுச் சின்னத் தீயில் 7, 8 நிமிடம் பிரட்டுங்கள். எண்ணெயைக் குறைக்காதீர்கள், சக்கைக்கு அது வேண்டும். ஓரங்கள் லேசாகச் சிவந்து, பருப்பு வறுபட்ட வாசனை வந்ததும் இறக்கலாம். வத்தக்குழம்பு சாதத்துக்கும் மோர்க்குழம்பு சாதத்துக்கும் நல்ல ஜோடி.

தினசரி டிபனுக்கு

அடையில் சேர்ப்பதுதான் எல்லாவற்றிலும் சுலபம். 3 கப் அடை மாவுக்கு 1 கப் சக்கை. கேரட், முட்டைகோஸ், சுரைக்காய், கீரை, எதுவும் பொருந்தும். வார்க்கப்போகும் மாவில் மட்டும் கலந்துகொள்ளுங்கள். மொத்த மாவிலும் கலந்து ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் நீர்த்துப் புளித்துப்போகும்.

சப்பாத்திக்கு 2 கப் கோதுமை மாவில் அரை கப் பீட்ரூட் சக்கை, சிட்டிகை ஓமம், உப்பு, 1 ஸ்பூன் எண்ணெய். முதலில் சக்கையை மட்டும் மாவோடு தேய்த்துப் பிசையுங்கள், பிறகு தேவைக்குத் தண்ணீர் தெளியுங்கள். பிசைந்து வைத்த மாவு நேரம் ஆக ஆகத் தளரும், அதனால் 15 நிமிடத்துக்குள் தேய்த்துவிட வேண்டும்.

கோலா உருண்டை குழந்தைகளுக்குப் பிடிக்கும். 1 கப் பீட்ரூட் சக்கைக்கு அரை கப் பொட்டுக்கடலை மாவு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், சோம்பு, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், உப்பு. உருட்டிப் பொரிக்கலாம். எண்ணெய் வேண்டாதவர்கள் குழிப்பணியாரக் கல்லில் குழிக்கு அரை ஸ்பூன் விட்டுத் திருப்பிப் போட்டு எடுக்கலாம். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது பீட்ரூட்டின் நிறம்தான், பயப்பட வேண்டாம்.

சுரைக்காய், வெள்ளரி, பூசணிச் சக்கைக்குத் துவையல். பீர்க்கங்காய்த் தோலைக்கூட எறியாமல் துவையல் அரைத்த சமையலறை நம்முடையது, இதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. எண்ணெயில் உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் சிவக்க வறுத்து எடுத்து, அதே வாணலியில் சக்கையை ஈரம் வற்றும்வரை வதக்கி, புளி, தேங்காய், உப்பு வைத்து அரைத்தால் முடிந்தது. சக்கை ருசி குறைந்தது என்பதால் புளியை மட்டும் ஒரு சுளை கூடப் போடுங்கள். கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலைச் சக்கையையும் இதிலேயே சேர்த்துவிடலாம். இஞ்சிச் சக்கையை ஐஸ் தட்டில் உறைய வைத்து டீக்கு ஒவ்வொன்றாகப் போடுங்கள். நெல்லிக்காய்ச் சக்கை தொக்குக்கு என்றே படைத்தது போல இருக்கும், புளியே வேண்டாம்.

வெண்பூசணி என்றால் காசி அல்வா

காலையில் வெறும் வயிற்றில் வெண்பூசணி ஜூஸ் குடிக்கும் பழக்கம் இப்போது நிறைய வீடுகளில் வந்துவிட்டது. இந்தச் சக்கையைத் தூக்கிப் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. காரணம் எளிது. காசி அல்வா கிளறும் சமையல்காரர் முதலில் என்ன செய்வார்? பூசணியைத் தோலும் விதையும் நீக்கித் துருவி, தண்ணீரைப் பிழிந்து எடுப்பார். அந்த வேலையை உங்கள் ஜூஸர் ஏற்கெனவே முடித்துக் கொடுத்துவிட்டது.

தோல், விதை நீக்கிப் பிழிந்த சக்கை 2 கப் எடுத்துக்கொள்ளுங்கள். அடி கனமான வாணலியில் 1 ஸ்பூன் நெய் விட்டுப் பச்சை வாசனை போக வதக்கி, 1 கப் பால் ஊற்றி வேகவிடுங்கள். பிழிந்த நீர் போய்விட்டதால் அந்த ஈரத்தைப் பால்தான் ஈடு செய்யும். சக்கை மிருதுவாக வெந்த பிறகே முக்கால் கப் சர்க்கரை. முன்கூட்டியே போட்டுவிட்டால் அது விறைத்து நின்றுவிடும், எவ்வளவு கிளறினாலும் மெத்தென்று ஆகாது. சர்க்கரை இளகி மறுபடி கெட்டியாகும்போது 3, 4 ஸ்பூன் நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறுங்கள். குங்குமப்பூ, ஏலக்காய், வறுத்த முந்திரி. ஓரத்தில் நெய் பிரிந்து, கரண்டியோடு சுருண்டு வந்தால் இறக்கிவிடலாம். மிக்ஸியில் அடித்த சக்கை கூழாக இருக்கும், இழை தெரியாது. அல்வாவுக்காகவே பிழிவதானால் துருவித் துணியில் பிழிவது மேல். சர்க்கரை நோய் இருப்பவர்கள் இதை விட்டுவிட்டு, அதே சக்கையை மோர்க்குழம்பிலோ கூட்டிலோ சேர்த்துக்கொள்ளலாம்.

கத்திரி வெயில் அடிக்கும் நாட்களில் வடகமும் போடலாம். ஊறவைத்துக் கெட்டியாக அரைத்த உளுந்து 1 கப்புக்கு 2 கப் பூசணிச் சக்கை, அரைத்த பச்சை மிளகாய், பெருங்காயம், உப்பு. துணியில் சின்னச் சின்னதாகக் கிள்ளி வைத்து, மொட்டைமாடியில் 3, 4 நாள் கடகடவென்று காயும்வரை வெயிலில் வையுங்கள். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் சாயங்காலக் காற்றில் ஈரம் ஏறும், 4 மணிக்கே உள்ளே எடுத்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வேண்டாம், பூஞ்சை பிடித்துவிடும்.

அளவு

இதுவரை நார்ச்சத்து அதிகம் சாப்பிடாதவர்கள் ஒரேயடியாகக் கப் கப்பாகச் சேர்த்தால் வயிறு உப்பும். ஆளுக்கு 2, 3 ஸ்பூனில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள், தண்ணீரும் நன்றாகக் குடியுங்கள். சிறுநீரகக் கல் இருப்பவர்கள் பீட்ரூட், பசலை போன்றவற்றின் ஜூஸ், சக்கை இரண்டையும் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அவற்றில் கல் உண்டாகக் காரணமான ஆக்சலேட் என்ற பொருள் அதிகம்.

சாப்பிட முடியாததை எங்கே போடுவது?

அருகம்புல், நார் எடுக்காத வாழைத்தண்டு, எலுமிச்சைத் தோல் கலந்தது, புளித்துப்போனது, இவையெல்லாம் உரத்துக்கு. பால்கனி இருந்தாலே போதும்.

மூடியுள்ள 20 லிட்டர் பெயின்ட் பக்கெட் ஒன்றை நன்றாகக் கழுவிக்கொண்டு, அடியிலும் பக்கங்களிலும் சுட்ட கம்பியால் இருபது, முப்பது துளைகள் போடுங்கள். கீழே ஒரு தட்டு. அடியில் நான்கு விரல் உயரத்துக்குக் காய்ந்த இலை அல்லது தென்னை நார்க்கழிவு. அதன் மேல் சக்கை. சக்கை ஒரு பங்கு என்றால் காய்ந்த பொருள் இரண்டு பங்காவது இருக்க வேண்டும்.

சக்கையில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. காய்த்தோல் போல அதில் இடைவெளி கிடையாது, ஒன்றோடு ஒன்று அப்பிக்கொண்டு அடை மாதிரி படியும். காற்றுப் போகாத இடத்தில் அது மக்காமல் அழுகும், நாற்றமும் அங்கிருந்துதான் வரும். அதனால் அடுக்கடுக்காகப் போட்டுவிட்டு நகராமல், ஒரு குச்சியால் காய்ந்த இலையோடு நன்றாகப் பிசிறிவிடுங்கள். வாரம் இரண்டு முறை கிளறுங்கள். புளித்த மோரைத் தண்ணீரில் கரைத்துக் கைப்பிடியளவு தெளித்தால் மக்குவது வேகம் பிடிக்கும். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது, இன்னும் இலை போடுங்கள். எறும்பு ஏறினால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். வெள்ளைப் புழுக்கள் வந்தால் பதற வேண்டாம், அவையும் மக்கும் வேலையைத்தான் செய்கின்றன. இலை சேர்த்து மூடினால் குறைந்துவிடும். பச்சைச் சக்கையை நேராகத் தொட்டிமண்ணில் கொட்டுவது மட்டும் வேண்டாம். வேருக்குச் சூடு, கொசு அளவுள்ள சின்ன ஈக்கள், கூடவே எலியும் வரும்.

இதற்கும் நேரமில்லை என்றால் மாநகராட்சித் தூய்மைப் பணியாளரிடம் மக்கும் குப்பையாகத் தனியே கொடுங்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி குப்பையைத் தரம் பிரித்துக் கொடுப்பது நம் பொறுப்பு. மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மக்காததற்கு நீலத் தொட்டி. சக்கையைப் பிளாஸ்டிக் கவரில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தால் அந்த முடிச்சை அவிழ்த்து உள்ளே கைவிட வேண்டியவர் அவர்தான். தண்ணீர் வடித்து, கூடையிலிருந்து நேராக வண்டியில் கொட்டுங்கள். பிரிக்காமல் போனது கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைக் கிடங்குகளுக்குப் போய்ச் சேர்ந்து, காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுவைக் கக்குகிறது. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் கிடங்கில் பற்றிய தீ நாட்கணக்கில் புகைந்ததைச் சுற்றுவட்டாரத்தில் இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

பக்கெட் நிறைந்தபின் புதிதாக எதுவும் போடாமல், மழை படாத இடத்தில் மூடி வையுங்கள். சென்னை வெப்பத்தில் ஏறக்குறைய 2 மாதத்தில் கருப்பாக, மண்வாசனையோடு உதிர்ந்து வரும். சலித்து, மக்காமல் தங்கிய துண்டுகளை அடுத்த பக்கெட்டில் அடியில் போட்டுவிடுங்கள். சலித்த உரம் ஒரு பங்கு, தோட்டமண் இரண்டு பங்கு கலந்து தொட்டி நிரப்பலாம். ஏற்கெனவே வளர்ந்த கறிவேப்பிலை, கத்தரி, மிளகாய்ச் செடிகளுக்கு மாதம் ஒரு முறை, தண்டை ஒட்டாமல் ஓரமாக இரண்டு கை போட்டு மண்ணைக் கிளறித் தண்ணீர் விடுங்கள்.